தொடக்கப் பள்ளியில் தண்ணீர்ப் பாடம்

தண்ணீர்ச் சிக்கனமும் நீர் மாசும் இந்தியப் பள்ளிகளுக்குப் புதிய பாடங்கள் அல்ல. எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணை, சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2001இல் தேசிய பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் அமைக்கப்பட்டன. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்றைக்கு ஓவியப் போட்டியோ வாசகப் போட்டியோ ஊர்வலமோ ஏதாவது ஒன்று நடந்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு ஐந்தாம் வகுப்புக் குழந்தையிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். பள்ளியின் மேல்தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும்? அதில் ஏறும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கை கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? சுவர் வாசகத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற குழந்தையும் இங்கே திணறக்கூடும்.

அதற்குக் காரணம் பாடம் தலைகீழாக நடப்பதுதான். முதலில் அறிவுரை வருகிறது, தண்ணீர் கடைசியில்தான் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை. ஆறு முதல் பத்து வயதுக்குள் இருக்கும் குழந்தை தொட்டும் ஊற்றியும் அளந்தும் பின்தொடர்ந்துமே ஒன்றைப் புரிந்துகொள்கிறது. தண்ணீரைப் போல இந்த வேலைக்கு இசைந்து கொடுக்கிற பாடப்பொருள் வேறில்லை. வாங்க வேண்டிய கருவிகளும் அதிகமில்லை. வாளி, சொம்பு, வெட்டிய பாட்டில்கள், கொஞ்சம் மணல், ஒரு கடிகாரம் இருந்தால் ஒரு கல்வியாண்டையே ஓட்டிவிடலாம்.

சொம்பிலிருந்து லிட்டர்

முதல் வகுப்புக் குழந்தைக்கு லிட்டர் என்பது வெறும் ஓசை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்துகாட்டிய சோதனை ஒன்று ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் சம அளவு தண்ணீர் ஊற்றப்படும். பிறகு, குழந்தையின் கண்ணெதிரிலேயே, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் ஒல்லியான உயரமான பாத்திரத்துக்கு மாற்றப்படும். எதில் தண்ணீர் அதிகம் என்று கேட்டால், ஏழு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் உயரமான பாத்திரத்தையே காட்டுவார்கள். அளவு மாறவில்லை என்பது அந்த வயதில் இன்னும் பிடிபடுவதில்லை.

ஆகவே முதல் இரண்டு வகுப்புகளில் தண்ணீர்ப் பாடம் என்பது ஊற்றி அளக்கும் விளையாட்டாக இருந்தாலே போதும். ஒரு வாளி நிரம்ப எத்தனை சொம்பு வேண்டும், ஒரு குடத்துக்கு எத்தனை டம்ளர், அகலமான சட்டியும் உயரமான கூஜாவும் ஒரே அளவு பிடிக்குமா என்று ஊற்றிப் பார்க்க வேண்டும். சிந்திய தண்ணீர் செடிக்குப் போகட்டும். மூன்றாம் வகுப்பில் லிட்டரும் மில்லிலிட்டரும் வரும்போது, இந்தச் சொம்புக் கணக்கு அப்படியே புதிய அலகுக்கு மாறிக்கொள்ளும். வீட்டுக் குடம் எத்தனை லிட்டர் என்று குழந்தையே ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றிக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்தப் புள்ளிவிவரத்தையும் குடங்களாக மாற்றிப் பார்க்க அதற்குத் தெரியும்.

அடுத்ததாக நேரம் சேர்கிறது. பல் துலக்கும்போது குழாயைத் திறந்தே வைத்தால் எவ்வளவு வீணாகும் என்பதைச் சொல்ல வேண்டாம். குழாயடியில் வாளியை வைத்து, இரண்டு நிமிடம் பல் துலக்குவதாக நடித்துவிட்டு, வாளியில் இருப்பதை அளக்கலாம். சாதாரணக் குழாய் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கொட்டும். மேல்தொட்டி உயரத்தில் இருந்தால் அதற்கு மேலும் கொட்டும். சொட்டும் குழாய்க்கும் இதே வழிதான். ஒரு நாளில் வீணாகும் அளவு சுவரொட்டிக்குச் சுவரொட்டி மாறுவதைக் காணலாம். சொட்டின் பருமன் குழாய்க்குக் குழாய் வேறுபடுவதும், சொட்டும் வேகம் ஒரே சீராக இல்லாததும் அதற்குக் காரணம். பத்து நிமிடம் பாட்டிலை வைத்துப் பிடித்து, கிடைத்ததை 144ஆல் பெருக்கினால் அந்தக் குழாயின் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். பத்து நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் என்றால் நாளொன்றுக்கு 14.4 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம். அந்தக் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லித் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது தமிழ்ப் பாடத்தில் சேரும்.

பள்ளித் தண்ணீரின் வரைபடம்

நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் பள்ளி முழுவதையும் தணிக்கை செய்யக்கூடியவர்கள். குழாய்கள் எத்தனை, எவை ஒழுகுகின்றன, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, தொட்டி நிரம்பி வழியும்போது யார் நிறுத்துகிறார்கள், சத்துணவுக் கூடத்துக்கு எத்தனை குடம் போகிறது என்று குழுக்களாகப் பிரிந்து கணக்கெடுக்கலாம். ஒரு குழு தண்ணீர் வரும் வழியைத் தேடிப் போகும்: குழாய், மேல்தொட்டி, மோட்டார், ஆழ்துளைக் கிணறு அல்லது ஊராட்சிக் குழாய். இன்னொரு குழு போகும் வழியைத் தேடும்: தொட்டி, வாய்க்கால், சாக்கடை அல்லது செப்டிக் டேங்க். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால் பள்ளியின் நீர் வரைபடம் தயார். செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளப்பது இந்த வரைபடத்தின் மிக முக்கியமான பகுதி. மாசு பற்றிய பாடம் வரும்போது அந்த ஓர் எண் தேவைப்படும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகோல்கள் உண்டு. பகல் நேரப் பள்ளிக்கு ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர நிறுவனத்தின் அளவு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஊரக வீடுகளில் ஆளுக்கு 55 லிட்டரை இலக்காக வைத்தது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டர் வரை கணக்கிடுகிறார்கள். கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஏன் இந்த வேறுபாடு என்று குழந்தைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான்.

வீட்டுக் கணக்கெடுப்பில் மட்டும் ஆசிரியருக்கு நிதானம் வேண்டும். ஒரே வகுப்பில் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும் வீட்டுப் பிள்ளையும், லாரிக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளையும் இருப்பார்கள். வீட்டு எண்களைப் பெயரோடு வகுப்பில் வாசித்தால் ஒருவருக்குக் குற்ற உணர்வும் மற்றவருக்கு வெட்கமும்தான் மிஞ்சும். குடம் சுமக்கும் பிள்ளைக்குச் சிக்கனத்தை உபதேசிப்பது அபத்தம். இரண்டு வாளியில் ஒரு குடும்பம் குளித்து, துவைத்து, அந்தத் தண்ணீரையே வாழைக்கும் பாய்ச்சும் வித்தையை அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்.

சிக்கனம் தொடக்கூடாத இடங்களும் இருக்கின்றன. கழிப்பறைக்குப் பின்பும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, போதிய அளவு குடிப்பது, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுவது ஆகியவை குறைக்க வேண்டிய பட்டியலில் வரவே கூடாது. கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் பெண் குழந்தைகள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். அங்கே சிக்கனப் பாடத்துக்கு முன்னால் கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. சேமித்து வைக்கும் தண்ணீருக்கு மூடி வேண்டும் என்பதும் இங்கேயே சொல்லப்பட வேண்டியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து, பக்கங்களைத் தேய்த்துக் கழுவினால் முட்டையிலிருந்து கொசுவாகும் வாய்ப்பு போய்விடும்.

கூரையில் விழும் கணக்கு

பூமியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஒரு லிட்டர் பாட்டிலைக் கொண்டு காட்டலாம். பாட்டில் முழுவதும் உலகத்துத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 975 மில்லிலிட்டர் உப்பு நீர். மீதி 25 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு, நன்னீர். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறையாக உறைந்து கிடக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி நிலத்தடியில். உலகத்தின் ஏரி, ஆறு எல்லாம் சேர்ந்தால் இந்தப் பாட்டில் கணக்கில் ஓரிரு சொட்டு. சொட்டு மருந்துக் குழலால் அந்தச் சொட்டைக் குழந்தையின் உள்ளங்கையில் விட்டால் போதும்.

அந்தச் சொட்டை ஆண்டுதோறும் புதுப்பிப்பது மழை. நீர்ச் சுழற்சியைப் படமாக மட்டும் பார்த்தால் கடல், மேகம், மலை என்று எங்கோ நடப்பதுபோலத் தோன்றும். பள்ளி முற்றத்தில் அது தினமும் நடக்கிறது. தேங்கிய குட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு ஒவ்வொரு மணிக்கும் புதுக் கோடு போட்டால் ஆவியாதல் கண்ணுக்குத் தெரியும். வேப்பங்கிளை ஒன்றைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி வெயிலில் விட்டால் மதியத்துக்குள் பையின் உட்புறம் நீர் கோத்துக்கொள்ளும். மரமும் தண்ணீரைக் காற்றுக்கு அனுப்புகிறது என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மழைமானி செய்வது எளிது. குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைக்க வேண்டும். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால், அந்த வளைவு மறையும் வரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறிக்க வேண்டும். இதை மறந்தால் அளவு முழுவதும் தவறிவிடும். மரத்தடியும் சுவர் ஓரமும் ஆகாது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர், அதில் பாதியை ஒட்டி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. அதனால் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை தினமும் காலை ஒரு குழந்தை அளவெடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வரலாம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு சமன்பாடு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தையும் தண்ணீரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. பள்ளிக் கூரை 100 சதுர மீட்டர், ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கூரையில் விழுவது 90,000 லிட்டர். ஆவியாவது, தெறிப்பது, முதல் மழையில் கூரையைக் கழுவ விடுவது போக 80 சதவீதம் பிடிக்கலாம் என்றால் 72,000 லிட்டர். நூறு குழந்தைகள் உள்ள பள்ளிக்கு 45 லிட்டர் கணக்கில் நாளொன்றுக்கு 4,500 லிட்டர் வேண்டும். அப்படியானால் அந்த மழை 16 நாளில் தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிட்டால் 240 நாள் வரும். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியின் வேலை நாள் 200. மழைநீர் எதற்குப் போதும், எதற்குப் போதாது என்பதை இந்த இரண்டு வகுத்தல் கணக்குகளும் சொல்லிவிடுகின்றன.

மழையைத் தேக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அதே நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலின் 50 வேகன்கள் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்தன. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் அப்போது வறண்டு கிடந்தன. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இலேயே தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. பள்ளிக் கூரையிலிருந்து இறங்கும் குழாய் இன்னும் குழியில்தான் இறங்குகிறதா, அந்தக் குழியில் மணலும் ஜல்லியும் அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பார்ப்பது செப்டம்பர் மாதத்துக்கு ஏற்ற வேலை.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்

நீர்ச் சுழற்சிப் படங்களில் மிகவும் பலவீனமான பகுதி நிலத்தடி நீர். கீழே ஒரு நீல நிறக் கோடு போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். குழந்தைகள் அதைப் பார்த்து, பூமிக்கு அடியில் ஓர் ஏரி கிடப்பதாகவோ ஆறு ஓடுவதாகவோ நினைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களிலும் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. உண்மையில் அது மணல் துகள்களுக்கு நடுவிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கியிருக்கும் தண்ணீர்.

இதைக் காட்ட ஒரு கண்ணாடிச் சீசா போதும். பாதி வரை ஜல்லியும் மேலே மணலும் நிரப்ப வேண்டும். ஓரமாகக் கைகழுவும் சோப்புப் பாட்டிலின் பம்பைச் செருகினால் அதுதான் அடிபம்பு. தெளிப்பானால் மழை பெய்யவைத்தால் தண்ணீர் இறங்கி அடியிலிருந்து மட்டம் ஏறும். பம்பை அழுத்த அழுத்த மட்டம் இறங்கும். இரண்டாவது பம்பைக் கொஞ்சம் ஆழமாகச் செருகி இறைத்தால் முதல் பம்பு வற்றிவிடும். ஊரில் ஒருவர் ஆழமாகப் போர் போட்டால் பக்கத்துக் கிணறு ஏன் வற்றுகிறது என்று குழந்தைகள் தாங்களே சொல்லத் தொடங்குவார்கள். இப்போது மணல் மேல் ஒரு சொட்டு மையை விட்டு மழை பெய்யவைத்தால், சற்று நேரத்தில் பம்பில் நிறம் கலந்த தண்ணீர் வரும். செப்டிக் டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையே அளந்த மீட்டர் கணக்கை இங்கே நினைவுபடுத்தலாம்.

கடலோரப் பள்ளிகளில் ஒரு படி மேலே போகலாம். மணல் நிரப்பிய அகலமான தொட்டியின் ஒரு பக்கத்தில் நிறம் சேர்த்த உப்புநீரை வைத்து, மறு பக்கத்தில் நன்னீரை இறைத்துக்கொண்டே இருந்தால் நிறம் மணலுக்குள் நகர்ந்து வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்து கிணறுகள் உவர்ந்த கதையை இந்தத் தொட்டி சொல்லிவிடும்.

மழை எங்கே இறங்கும், எங்கே வழிந்தோடும் என்பதற்கு இன்னும் எளிய சோதனை: இரு பக்கமும் திறந்த தகர டப்பாவை மண்ணில் சிறிது அழுத்தி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, உறிஞ்ச எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. மரத்தடியில், மிதிபட்ட விளையாட்டுத் திடலில், வாசலில் பதித்த சிமென்ட் கல் இடுக்கில் என்று மூன்று இடத்தில் செய்தால் போதும். பள்ளி வளாகம் முழுவதும் சிமென்ட் கல் பதிப்பது அழகாக இருக்கிறது என்று நினைக்கிற பெரியவர்களுக்கும் இந்த முடிவுகளைக் காட்டலாம்.

தெளிந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும்

மாசு என்றதும் குழந்தை வரைவது மிதக்கும் பிளாஸ்டிக் பையும் செத்த மீனும்தான். கண்ணுக்குத் தெரிவதையே மாசு என்று அது எடுத்துக்கொள்கிறது. இந்த எண்ணத்தை உடைப்பதுதான் மாசு பற்றிய பாடத்தின் மையமான வேலை.

எல்லாப் பள்ளிகளிலும் செய்யும் மணல் வடிகட்டியை இதற்குப் பயன்படுத்தலாம். பாட்டிலைக் கவிழ்த்து, பஞ்சு, கரித்தூள், மணல், கூழாங்கல் என்று அடுக்கிச் சேற்றுநீரை ஊற்றினால் தெளிந்த நீர் சொட்டும். கைதட்டலோடு சோதனை முடிந்துவிடுவதுதான் வழக்கம். பாடம் தொடங்க வேண்டிய இடம் அது. அடுத்து உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி, வடிந்ததை ஒரு தட்டில் வெயிலில் காயவைத்தால் மறுநாள் தட்டில் உப்புப் படிந்திருக்கும். அதாவது மணல் உப்பைப் பிடிக்கவில்லை. வடிந்த எதையும் குழந்தைகள் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பது இந்தச் சோதனையின் முதல் விதி.

ஊர்ப்பக்கம் கலங்கல் நீர் தெளியப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசும் வழக்கம் இருந்தது. அதைச் செய்துகாட்டினால் மண் துகள்கள் திரண்டு அடியில் படிவதைக் காணலாம். நல்ல உத்திதான், ஆனால் அதனால் கிருமி போய்விட்டது என்று சொல்ல முடியாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் ஃபுளோரைடும் அப்படியே இருக்கும், நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சிறிது கூடவும் செய்யும். மிதக்கும் குப்பை, கலங்கல், கரைந்த பொருள், கிருமி ஆகிய நான்கும் நான்கு விதமான சிக்கல்கள், நான்குக்கும் வழிகள் வேறு என்று இவ்வளவில் விளங்கிவிட்டால் தொடக்கப் பள்ளிக்கு அது நிறைவான பாடம்.

நொய்யல் ஆற்றை வைத்து இதை ஒரு விளையாட்டாக்கலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு அது. கண்ணாடித் தொட்டியில் தெளிந்த நீரை வைத்து, ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு பொட்டலம் கொடுக்க வேண்டும். வயலிலிருந்து மண், வீட்டிலிருந்து சோப்புநீர், கடைத்தெருவிலிருந்து பிளாஸ்டிக் துண்டு, உணவகத்திலிருந்து எண்ணெய், சாயப்பட்டறையிலிருந்து பீட்ரூட் சாறும் ஒரு கைப்பிடி உப்பும். ஆசிரியர் ஆறு போகும் வழியைச் சொல்லச் சொல்ல, தங்கள் இடம் வரும்போது குழந்தைகள் பொட்டலத்தைக் கொட்டுவார்கள். கடைசியில் ஆற்றைக் கெடுத்தது யார் என்று கேட்டால், தான் போட்டது கொஞ்சம்தான் என்பதே எல்லோரின் பதிலாகவும் இருக்கும். பிறகு சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கைக் கையால் எடுத்துவிடலாம். மண் தானே படியும். எண்ணெயைப் பஞ்சால் ஒற்றலாம். சாயத்தில் பாதியைக் கரித்தூள் பிடிக்கும். உப்பு போகவே போகாது.

திருப்பூரில் நடந்ததும் அதுதான். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு பின்னலாடைத் தொழில் வளர வளரக் கழிவுநீரோடு ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாகிவிட்டது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு, சவ்வு வழியே தண்ணீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுக்கும் முறையோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. வெயிலில் தட்டை வைத்து உப்பு எடுத்த குழந்தைக்கு இந்தத் தொழில்நுட்பம் புரியும். இந்தத் தொழிலால் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், பட்டறையை வில்லனாக்கிக் கதை சொல்லாமல் இருப்பது நல்லது.

மனிதர் கை படாத மாசும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பாறையிலிருந்தே ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கலக்கிறது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதை மீறினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், நாளடைவில் எலும்பும் பாதிக்கப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது இதற்காகத்தான். இந்த ஊர்களில் பாடம் நடத்தும்போது எந்தக் குழந்தையின் பல்லையும் சுட்டிக்காட்டக் கூடாது.

கிருமியைக் காட்ட ஒரு சிறு குப்பி உதவும். 1982இல் இந்திய அறிவியலாளர்கள் வகுத்த சோதனை இது. கிருமி வளர உதவும் ஊடகம் தோய்த்த தாள் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் ஓரிரு நாளில் கறுத்துப்போகும். கண்ணுக்குப் பளிங்காக இருந்த கிணற்று நீரும் கறுத்துவிடலாம், குளோரின் போட்ட கலங்கல் நீர் கறுக்காமலும் இருக்கலாம். இது அறிகுறி மட்டுமே. உறுதி செய்ய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பலாம். கறுத்த குப்பியைத் திறக்காமல் ஆசிரியரே அப்புறப்படுத்த வேண்டும்.

ஏரிக்கரைக்கு ஒரு நாள்

ஏரியோ கண்மாயோ ஊருணியோ இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. பாசன ஏரிகள் மட்டும் 39,000க்கு மேல் உள்ளன. வடமாவட்டங்களில் ஏரி என்றும் தெற்கே கண்மாய் என்றும் அழைக்கப்படுபவை அமைப்பில் ஒன்றேதான். தண்ணீர் வரும் வரத்துக் கால்வாய், தேக்கும் கரை, வயலுக்குத் திறக்கும் மதகு, மிஞ்சியதை அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலிங்கு ஆகிய நான்கையும் நேரில் பார்த்து வரைவது ஒரு முற்பகல் வேலை. ஏரியைச் சுற்றி வருவதைவிட வரத்துக் கால்வாயில் கொஞ்ச தூரம் மேலே நடந்து போவதில் கற்பது அதிகம். கால்வாய் எங்கே சாலையில் முட்டி நிற்கிறது, எங்கே குப்பை கொட்டப்பட்டிருக்கிறது, யார் வேலி உள்ளே வந்திருக்கிறது என்பதெல்லாம் குழந்தைகள் கண்ணில் முதலில் படும்.

ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றால், நீர்க்கட்டி என்றும் மடையர் என்றும் வழங்கப்பட்டவர்கள் முறை வைத்துத் தண்ணீர் பங்கிட்ட விதத்தையும், கோடையில் ஊரே கூடித் தூர்வாரிய குடிமராமத்தையும் அவர் சொல்லக் கேட்கலாம். தண்ணீரைத் தொடாமலே அதன் நிலையைக் கணிக்கவும் வழியுண்டு. தும்பிகள் பறப்பதும் தவளைகள் இருப்பதும் நல்ல அறிகுறி. வெங்காயத் தாமரை மூடிக்கிடந்தால் சாக்கடையோ உரமோ கலக்கிறது என்று சந்தேகப்படலாம். மழைக்காலத்தில் இந்தப் பயணம் வேண்டாம். பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பெரியவராவது உடன் இருக்க வேண்டும். மண் அள்ளிய ஏரிகளில் கரையோரமே ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கும் என்பதால் யாரும் இறங்கக் கூடாது.

தட்டில் இருக்கும் தண்ணீர்

குழாயை மூடினால் தண்ணீர்ப் பஞ்சம் தீர்ந்துவிடும் என்று குழந்தைகளை நம்பவைப்பது நேர்மையல்ல. இந்தியாவில் எடுக்கப்படும் நன்னீரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பயிருக்குப் போகிறது. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில், 100 கிராம் அரிசி அளவுக்குச் சோற்றை மீதம் வைத்துக் கொட்டினால் 250 லிட்டர் போகிறது. பல் துலக்கும்போது மிச்சப்படுத்திய பத்து லிட்டர் இதன் பக்கத்தில் சிறியது. இந்த 2,500 லிட்டரில் நேரடியாக வயலில் பெய்த மழையும் அடக்கம், எல்லாமே மோட்டார் போட்டு இறைத்ததில்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். சத்துணவுக்குப் பிறகு தட்டுகளில் மிஞ்சியதை ஒரு வாரம் எடைபோட்டுப் பார்க்கலாம். வேண்டிய அளவு கேட்டு வாங்கிக்கொள்வதுதான் இதன் முடிவாக இருக்க வேண்டும். குறைவாகச் சாப்பிடுவதாக அது மாறிவிடக் கூடாது.

கற்றதை அறிவது எப்படி

இந்தப் பாடங்களை ஒரு வாரத்தில் அடைத்து நடத்த முடியாது. ஜூன், ஜூலையில் பள்ளித் தணிக்கை, செப்டம்பரில் கூரையும் குழியும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைமானி, பிப்ரவரியில் நீர் வடிந்த பிறகு ஏரிக்கரை என்று பருவத்தோடு ஒட்டிப் போவதே வசதி. மாசுச் சோதனைகளை வகுப்பறைக்குள் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வு இதில் எதையும் அளக்காது. ஆண்டுத் தொடக்கத்தில் குழந்தைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, தண்ணீர் எங்கிருந்து குழாய்க்கு வருகிறது, பிறகு எங்கே போகிறது என்று வரையச் சொல்ல வேண்டும். பெரும்பாலான படங்கள் குழாயில் தொடங்கி வாளியில் முடியும். அந்தத் தாள்களைத் திருத்தாமல், மதிப்பெண் போடாமல் எடுத்து வைத்து, மார்ச் மாதத்தில் அதே கேள்விக்கு மறுபடி வரையச் சொல்லலாம். இரண்டாவது படத்தில் மேகமும் மணலும் போரும் ஏரியும் சாக்கடையும் எத்தனை புதிதாக வந்திருக்கின்றன, அவற்றை இணைக்கும் அம்புகள் சரியான திசையில் போகின்றனவா என்று இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பகுதி இன்னும் வெறுமையாக இருக்கிறதோ, அடுத்த ஆண்டு அங்கிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலும் அது மண்ணுக்கு அடியில் இருக்கும் பகுதியாகத்தான் இருக்கும்.